பி-ரோலுக்குத் தமிழ்: 'உடன்காட்சி' பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

காட்சித் தொடர்பியல், இதழியல் மாணவர்கள் தங்கள் செயல்திட்ட அறிக்கைகளைத் தமிழில் எழுதும்போது தேவைப்படும் சொற்களைப் பற்றி இந்த இழையில் பேசிவருகிறோம். மற்ற சொற்களுக்கெல்லாம் ஓரளவு முடிவு வந்துவிட்டது. பி-ரோல் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. இந்த மடல் அதற்காகத்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துறையில் இல்லாதவர்களும் குழுமத்தில் இருக்கிறார்கள் என்பதால் முதலில் அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒருவர் கேமரா முன் உட்கார்ந்து பேசுகிறார். அவர் குரல் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போதே திரையில் அவர் முகம் போய், அவர் சொல்லும் இடமோ, கைவேலையோ, பொருளோ, மனிதர்களோ வருகிறார்கள். சிறிது நேரத்தில் மறுபடி முகம் வருகிறது. நடுவில் வந்துபோன படங்கள்தான் பி-ரோல். நம் ஊர் செய்தித் தொலைக்காட்சிகளில் இதை 'விஷுவல்ஸ்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். 'பைட் (பேட்டித் துணுக்கு) வந்துருச்சு, விஷுவல்ஸ் எங்கே?' என்ற கேள்வி செய்தி அறையில் வேலை பார்த்த எல்லோருக்கும் பழக்கமானது.

பெயர் வந்த கதை ஃபிலிம் காலத்தைச் சேர்ந்தது. 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் செய்தி எடுத்த நாட்களில், ஒலியோடு பதிவான பேட்டி ஒரு சுருளில் இருக்கும். பேட்டியின் மேல் வர வேண்டிய படங்கள் இன்னொரு சுருளில் இருக்கும். இரண்டையும் இரண்டு புரொஜெக்டர்களில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஒளிபரப்பும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். முதல் சுருள் ஏ, இரண்டாவது பி. பெயரில் இருப்பது இவ்வளவுதான். அந்த 'பி' ஓர் அடையாள எழுத்து. தரத்தையோ முக்கியத்துவத்தையோ அது குறிக்கவே இல்லை.

இதனால்தான் 'பி சுருள்' என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. மொபைலில் எடுத்து மொபைலிலேயே வெட்டி ஒட்டும் மாணவருக்குச் சுருளும் தெரியாது, புரொஜெக்டரும் தெரியாது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் வரலாற்றின் எச்சமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் இப்போது புதிதாகச் சொல் ஆக்குகிறோம். அந்த எச்சத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டிய தேவை இல்லை.

> துணைக்காட்சி என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் உடனே புரியும்.

புரியும் என்பது உண்மை. என் தயக்கம் வேறு. மாணவர்கள் எழுதும் ஸ்க்ரிப்ட் இரண்டு பத்தியாக இருக்கும்: இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் ஒலி. வலப்பக்கத்தில் பேட்டியில் வரும் பேச்சு வரிக்கு வரி இருக்கும். இடப்பக்கத்தில் அதற்கு நேராக 'பி-ரோல்' என்று ஒரே சொல். என்ன படம், எங்கே எடுப்பது, எவ்வளவு நெருக்கத்தில் எடுப்பது, எதுவும் இருக்காது. படப்பிடிப்புக்குப் போகும் நாளில் பேட்டியை எடுக்கவே நேரம் போய்விடும். கிளம்புகிற அவசரத்தில் தெருவை ஒரு ஷாட், மரத்தை ஒரு ஷாட் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். எடிட்டிங்கில் உட்காரும்போது ஒன்றும் பொருந்தாது. உடனே இணையத்திலிருந்து ஒரு சூரிய அஸ்தமனத்தை எடுத்துப் போட்டுவிடுவார்கள். 'பி' என்றால் இரண்டாம் பட்சம் என்று அவர்கள் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. 'துணை' என்ற முன்னொட்டு அதற்கு முத்திரை குத்திவிடும். துணைப்பாடம் என்று பெயர் வைத்த பாடத்தை மாணவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று ஆசிரியர்களாக இருக்கும் நம் எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் படங்கள் எவ்வளவு சுமக்கின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்து மாணவர்கள் அடிக்கடி தேர்ந்தெடுக்கும் தலைப்பு பத்தமடைப் பாய். நல்ல தலைப்பு, அலுக்காத தலைப்பு. பாய் முடையும் ஓர் அம்மாவைப் பேசவைத்து எடுக்கிறார்கள். அவர் தாமிரபரணிக் கரைக் கோரையைப் பற்றிச் சொல்கிறார், ஓடும் தண்ணீரில் ஊறப்போடுவதைச் சொல்கிறார், ஊறிய தண்டை மெல்லிய இழையாகக் கீறுவதைச் சொல்கிறார், பருத்தி நூல் பாவில் கோரை இழையைக் கோத்து முடைவதைச் சொல்கிறார். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை எழுத்து எழுத்தாகக் கொண்டுவருவதையும் சொல்கிறார். பேச்சு அருமையாக இருக்கும். ஆனால் பட்டுப்பாய் என்னும் மிக மெல்லிய வகைப் பாய் எவ்வளவு நயமானது என்பதை எந்தப் பேச்சாலும் பார்வையாளருக்குக் காட்ட முடியாது. கோரையைக் கீறும் விரலை மிக அருகில் எடுத்த ஒரு ஷாட் இருந்தால், அந்த அம்மாவுக்குக் கிடைக்கும் கூலி ஏன் நியாயமில்லாதது என்று பார்ப்பவருக்குத் தானாகவே புரிந்துவிடும். அந்த இடத்தில் ஆற்றின் மேல் பறக்கும் ட்ரோன் ஷாட்டைப் போட்டால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்த அம்மா சொன்னதற்குச் சாட்சி சொல்ல ஒன்றுமே இருக்காது.

இடையில் ஒரு நடைமுறைக் குறிப்பு. பாய் முடைவது பெரும்பாலும் வீட்டுக்குள், டியூப்லைட் வெளிச்சத்தில் நடக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மொபைலை விநாடிக்கு 30 ஃபிரேம் என்ற அமைப்பிலேயே விட்டுவிட்டால் பல நேரங்களில் படத்தில் வெளிச்சம் துடிக்கும். விநாடிக்கு 25 ஃபிரேம், 1/50 விநாடி ஷட்டர் என்று மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஒவ்வொரு ஷாட்டையும் பத்து விநாடியாவது ஆடாமல் பிடிக்கச் சொல்லுங்கள். எடிட்டிங்கில் இதன் அருமை தெரியும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> பின்னணிக் காட்சி என்றால் என்ன குறை? பின்னணிக் குரல், பின்னணி இசை என்று வழக்கில் இருக்கிறதே.

பின்னணிக் குரலும் பின்னணி இசையும் நிலைத்துவிட்ட நல்ல சொற்கள். பின்னணிக் காட்சிக்கு மட்டும் ஏற்கெனவே வேறு பொருள் இருக்கிறது. பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் தெரியும் சுவர், திரைச்சீலை, பச்சைத்திரை போட்டு மாற்றும் படம் ஆகியவற்றைத்தான் எல்லோரும் அப்படிச் சொல்கிறார்கள். பி-ரோல் வரும்போது பேசுபவர் திரையிலேயே இல்லை. குரல்தான் அப்போது பின்னணி, காட்சி முன்னால் நிற்கிறது. இந்தச் சொல் நேர் எதிராகப் போகிறது.

'நிரப்புக் காட்சி' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஓட்டையை அடைக்கும் பொருள் என்று அதிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. வேண்டாம்.

'மேற்காட்சி' எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை. எடிட்டிங் மென்பொருளில் பேட்டி கீழ்த் தடத்திலும் இந்தப் படங்கள் அதற்கு மேல் தடத்திலும் கிடக்கும். மாணவர் கையால் செய்யும் வேலையே சொல்லில் வந்துவிடுகிறது. ஆனால் மாடியில் நின்று கீழே பார்த்து எடுக்கும் டாப் ஆங்கிள் ஷாட்டைத்தான் இந்தச் சொல் முதலில் நினைவுக்குக் கொண்டுவருகிறது. இரண்டுமே ஒரே ஸ்க்ரிப்டில் வரக்கூடியவை என்பதால் குழப்பம் உறுதி.

'போர்வைக் காட்சி' பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பேட்டியில் தேவையில்லாத பகுதியை வெட்டினால் பேசுபவரின் தலை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும். அந்தத் தாவலை மறைக்க மேலே ஒரு படத்தைப் போடுவது எல்லோரும் செய்வதுதான். 'இந்த கட்டை (வெட்டிய இடத்தை) கவர் பண்ணு' என்பது எடிட்டிங் அறையின் அன்றாடப் பேச்சு. போர்வை என்ற சொல் அங்கிருந்துதான் வந்திருக்கிறது, துல்லியமாகவும் இருக்கிறது. எனக்குப் பயமே அந்தத் துல்லியத்தில்தான். ஒருவர் பேசியதில் நடு வாக்கியத்தை எடுத்துவிட்டு முன்னும் பின்னும் ஒட்டினால் அவர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஆக்கிவிடலாம். மேலே போட்ட படம் அந்த ஒட்டைப் பார்ப்பவர் கண்ணிலிருந்து மறைத்துவிடும். இதழியல் படிக்கும் மாணவர் முதலாண்டிலேயே பயந்து கற்றுக்கொள்ள வேண்டிய இடம் இது. மறைப்பதுதான் இந்தப் படங்களின் வேலை என்று சொல்லே கற்றுக்கொடுக்கக் கூடாது.

'சான்றுக் காட்சி' இதற்கு எதிர்க் கோடியில் இருக்கிறது. அதன் நோக்கத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் எல்லா பி-ரோலும் சான்று அல்ல. ஒருவர் தன் அம்மாவைப் பற்றிப் பேசும்போது காலியான ஊஞ்சலைக் காட்டுவது சான்று ஆகாது. அதுவும் நல்ல ஷாட்தான், அதற்கும் இடம் வேண்டும். தவிர, நீதிமன்றத்திலும் சிசிடிவி விவகாரங்களிலும் இந்தச் சொல் வேறு வேலைக்குத் தேவைப்படும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்து நான் முன்வைப்பது 'உடன்காட்சி'. பேச்சோடு கூடவே வரும் காட்சி. யார் பெரியவர், யார் சிறியவர் என்று அது சொல்வதில்லை. உடன்பிறப்பு, உடன்படிக்கை என்று உடன் சேர்ந்த சொற்களில் இருவரும் சமமாகவே நிற்கிறார்கள்.

இதற்கு வந்த எதிர்ப்புகளில் மூன்று வலுவானவை.

> உடன் என்றால் 'உடனடியாக' என்றல்லவா படிப்பார்கள்? உடன் வரவும், உடன் தொடர்புகொள்ளவும்...

தனியாக, வினைக்கு முன் நிற்கும்போது அப்படி. பெயர்ச்சொல்லோடு ஒட்டி நிற்கும்போது அந்தப் பொருள் வருவதில்லை. உடன்பிறப்பை யாரும் 'உடனடியாகப் பிறந்தவர்' என்று படிப்பதில்லை. சேர்த்து எழுத வேண்டும் என்பதை மட்டும் சொற்பட்டியலில் கறாராகச் சொல்லிவிடுவோம்.

இரண்டாவது, புணர்ச்சி பற்றியது. பொன்னும் குடமும் பொற்குடம் ஆவதுபோல இது 'உடற்காட்சி' ஆகாதா என்று கேட்டிருந்தார்கள். ஆகாது. உடன்கட்டை, உடன்படிக்கை, உடன்பிறப்பு எதிலும் னகரம் திரியவில்லை. 'உடற்காட்சி' என்று யாராவது திருத்தினால் அது உடல் + காட்சி என்று வேறு எங்கோ போய்விடும். மாணவர் அறிக்கையைத் திருத்துகிறவர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

மூன்றாவது, 'காட்சி' என்றால் நாடகத்திலும் திரைக்கதையிலும் வரும் சீன் அல்லவா என்பது. திரைக்கதையில் அப்படித்தான். ஆனால் செய்தி மொழி அந்தச் சொல்லை எப்போதோ விரித்துவிட்டது. 'கண்காணிப்பு கேமரா காட்சிகள் வெளியாகின' என்ற வாக்கியம் புரியாத தமிழர் இல்லை. பழைய படத்தைக் காட்டும்போது திரை மூலையில் போடும் 'கோப்புக் காட்சி', நாளிதழ்களில் வரும் 'கோப்புப்படம்' இரண்டும் செய்தி அறையில் தானாக வளர்ந்து ஊன்றிவிட்டவை. அதே அச்சில்தான் உடன்காட்சியும் வருகிறது. புகைப்படமா ஒளிப்படமா என்று நமக்கும் இலங்கை நண்பர்களுக்கும் இருக்கும் வேறுபாடும் இங்கே குறுக்கே வராது. காட்சி இரு பக்கத்துக்கும் பொதுச்சொல்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. மாணவர் செயல்திட்டம் என்றால் படம் மட்டும் இல்லை. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலியாக அண்ணா எஃப்.எம். தொடங்கியபிறகு, வானொலி நிகழ்ச்சி தயாரிப்பதும் மாணவர்களின் வேலையாகப் பரவியிருக்கிறது. இப்போது வலையொலியும் (பாட்காஸ்ட்) சேர்ந்துவிட்டது. அங்கே பேச்சுக்கு அடியில் ஓடும் தறிச் சத்தம், சந்தை இரைச்சல், பஸ் கண்டக்டர் விசில் ஆகியவற்றை 'உடனொலி' என்று சொல்லலாம். ஒரே வேரிலிருந்து இரண்டு சொல் கிடைக்கிறது.

ஏ-ரோலுக்கு இணை கேட்டவருக்கு: அதற்குத் தனிச்சொல் வேண்டாம் என்பது என் கருத்து. பேட்டி என்றால் பேட்டி, தொகுப்பாளர் பேச்சு என்றால் தொகுப்பாளர் பேச்சு. ஆங்கிலத்தில் ஜோடி இருக்கிறது என்பதற்காக நாமும் ஜோடி செய்ய வேண்டியதில்லை. கட்டவேக்கு (பேச்சின் நடுவே சட்டென்று வேறொன்றைக் காட்டி மீளும் ஷாட்டுக்கு) 'இடைக்காட்சி' என்று முன்பே பேசினோம், அது அப்படியே இருக்கட்டும். பேட்டி எடுப்பவர் தலையாட்டும் ஷாட் இடைக்காட்சி. பேட்டியில் சொல்லப்படும் பொருளைக் காட்டுவது உடன்காட்சி. எல்லை சில இடங்களில் கலங்கும், ஆங்கிலத்திலும் கலங்கத்தான் செய்கிறது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'பேட்டி முடிந்தது, உடன்காட்சி இன்னும் எடுக்கவில்லை.' 'இந்த வரிக்கு உடன்காட்சி என்ன?' இரண்டாவது கேள்வியை மாணவர் ஸ்க்ரிப்டின் ஒவ்வொரு வரிக்கும் கேட்கலாம். 'இந்த வரிக்குத் துணைக்காட்சி என்ன?' என்று கேட்டால் அந்த அழுத்தம் வரவில்லை என்பது என் காதுக்குத் தெரிகிறது. உங்கள் காதுக்கு எப்படி என்று சொல்லுங்கள்.

சொற்பட்டியலுக்கு நான் எழுதியிருக்கும் விளக்கம்:

உடன்காட்சி (பெயர்ச்சொல்): பேட்டியோ வர்ணனையோ ஒலித்துக்கொண்டிருக்கையில், பேசுபவரின் முகத்துக்குப் பதிலாகத் திரையில் வரும், அந்தப் பேச்சோடு தொடர்புடைய காட்சிப்பதிவு. வழக்கு: உடன்காட்சி எடுத்தல், உடன்காட்சி வைத்தல்.

'தொடர்புடைய' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறேன். அதை எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். மாற்றுச்சொல் தருபவர்கள் ஸ்க்ரிப்டில் வரக்கூடிய ஒரு வாக்கியத்தையும் சேர்த்துத் தந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். வாக்ஸ் பாப்புக்கு (தெருவில் பொதுமக்களிடம் கேட்டுப் பதியும் கருத்துகளுக்கு) 'மக்கள் குரல்' என்ற பரிந்துரை அதே பெயரில் நாளிதழ் இருப்பதால் இடிக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்கிவிடலாம்.

அன்புடன்