ராணுவ குடும்ப பென்ஷனும் மாநில அரசு குடும்ப பென்ஷனும் சேர்த்து வாங்க முடியாதா?

கேட்பவர்: ஹவில்தார் மனைவி

எல்லாருக்கும் வணக்கம். என் கணவர் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் 17 வருடம் இருந்துவிட்டு 2000இல் ஹவில்தாராக பென்ஷனில் வந்தார். அடுத்த வருடமே மாநில அரசு வேலை கிடைத்து, அதிலும் கடைசி வரை இருந்து ஓய்வு பெற்றார். இரண்டு பென்ஷனும் வாங்கிக்கொண்டிருந்தார். 61 வயதில் மாரடைப்பு, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார்.

மாநில அரசு குடும்ப பென்ஷன் எனக்கு வர ஆரம்பித்துவிட்டது. ராணுவ பென்ஷன்தான் நிற்கிறது. அவருடைய பி.பி.ஓ.வில் (பென்ஷன் வழங்கும் ஆணை) என் பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக இருக்கிறது, ஆதாரில் முழுப்பெயர். பிறந்த தேதியும் ஒத்துப்போகவில்லை, கல்யாணம் ஆன புதிதில் யூனிட்டில் யாரோ கேட்க இவர் குத்துமதிப்பாக ஜனவரி 1 என்று சொல்லியிருக்கிறார். இதைச் சரிசெய்ய ஒரு அலுவலகத்துக்குப் போனால், அங்கே இருந்தவர் பேப்பரைக்கூடப் பிரிக்காமல் "நீங்கள்தான் ஏற்கெனவே ஒரு குடும்ப பென்ஷன் வாங்குகிறீர்களே, இரண்டு தர மாட்டார்கள், எது வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்" என்றார். வெளியே வந்ததும் ஒருவர் பின்னாலேயே வந்து, வருகிற அரியரில் பங்கு கொடுத்தால் தானே முடித்துத் தருவதாகச் சொன்னார்.

பனியிலும் பாலைவனத்திலும் இருந்துவிட்டு வந்த மனிதர் அவர். அந்தப் பணத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை. உண்மையிலேயே ஒன்றுதான் வாங்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ரெக்கார்ட் ஆபீஸ் பழையவர்

அம்மா, முதலில் ஒன்று. எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அவர் சொன்னது பழைய விதி. ராணுவ பென்ஷன் வாங்கிக்கொண்டே மத்திய, மாநில அரசுத் துறையிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ மறுவேலை பார்த்தவர் இறந்தால், ராணுவக் குடும்ப பென்ஷனையும் மறுவேலைக் குடும்ப பென்ஷனையும் மனைவி சேர்த்தே வாங்கலாம். பாதுகாப்பு அமைச்சகம் 2013 ஜனவரி 17 தேதியிட்ட கடிதத்தில் இதைச் சொல்லிவிட்டது, 2012 செப்டம்பர் 24 முதல் அமல். அதற்கு முன்னால் "ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு" என்றுதான் இருந்தது, இன்னமும் சில மேஜைகளில் அதையே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் இந்தத் தேதியைச் சொல்லி, மறுப்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

இப்போது பெயர் விஷயம். இதை பேங்க்கோ கணக்கு அலுவலகமோ சரிசெய்யாது, அவர் படைப்பிரிவின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ்தான் செய்யும். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். (படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. பெங்களூரு, ஆர்ட்டிலரி நாசிக் ரோடு, இ.எம்.இ. செகந்திராபாத்.) ஆர்மி நம்பர், ரேங்க், கணவர் பெயர், பி.பி.ஓ. எண், இறந்த தேதி இதெல்லாம் மேலேயே இருக்கும்படி ஒரு கடிதம் எழுதுங்கள். படையில் இருந்து வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் உள்ள பக்கம், பி.பி.ஓ., இறப்புச் சான்றிதழ், ஆதார், பான், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் எடுத்த பிரமாணப் பத்திரம், இவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ இருந்தால் மிகவும் நல்லது. பென்ஷனில் வரும்போது இருவரும் சேர்ந்து எடுத்த ஜாயின்ட் போட்டோ வீட்டில் இருக்கிறதா பாருங்கள், அது பெரிய சாட்சி. கல்யாணத்தைப் பதிந்த பார்ட் டூ ஆர்டர் (யூனிட்டின் பதிவு உத்தரவு) அவர்கள் ஃபைலிலேயே இருக்கும், அதை எடுத்துப் பார்க்கும்படியும் கடிதத்தில் கேளுங்கள்.

இதை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி இயக்குநரைப் பார்த்து, அவர்கள் மூலமாக அனுப்புங்கள். ஃபீஸ் எதுவும் கிடையாது. அரியரில் பங்கு கேட்கும் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பதில்: ஊர்க்காரன்

ரெக்கார்ட் ஆபீஸ் திருத்தம் மாதக்கணக்கில் இழுக்கும். அதைவிட ஆதாரில் பெயரையும் தேதியையும் பி.பி.ஓ.வில் உள்ளபடி மாற்றிவிட்டால் ஸ்பர்ஷில் (ராணுவ பென்ஷன் இணையதளம்) உடனே பொருந்திவிடும், எங்கள் தெருவில் ஒருவர் அப்படித்தான் செய்தார்.

பதில்: ரெக்கார்ட் ஆபீஸ் பழையவர்

தயவுசெய்து வேண்டாம் தம்பி. அந்த அம்மாவின் மாநில அரசு பென்ஷன், பேங்க் கணக்கு, பான் எல்லாம் இப்போதைய ஆதாரில் ஓடுகிறது. ஒன்றை மாற்றப் போய் வந்துகொண்டிருக்கும் பென்ஷனும் நின்றுவிடும். அதோடு இல்லாத தேதியைப் பிறந்த தேதியாகப் போட்டுக்கொள்வது தப்பு. பிறந்த தேதிக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு: குடும்ப பென்ஷன் வாங்குபவருக்கு 80 வயது முடிந்ததும் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடும், அதைப் பதிவில் உள்ள பிறந்த தேதியை வைத்துத்தான் போடுவார்கள். நாள் ஆனாலும் ரெக்கார்டைத் திருத்துவதுதான் சரி.

தாமதம் ஆகிறதே என்று அம்மா பயப்பட வேண்டாம். குடும்ப பென்ஷன் கணவர் இறந்ததற்கு மறுநாளில் இருந்து கணக்காகும், இடைப்பட்ட மாதங்கள் அரியராக வரும். தொகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் குடும்ப பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், குறைந்தபட்சம் 9,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. ஆனால் ஓய்வு பெற்றவர் இறந்தால் ஆரம்பத்தில் கூடுதல் விகிதமாக 50 சதவீதம் உண்டு. இறந்ததில் இருந்து 7 வருடம், அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது முடியும் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. உங்கள் கணவருக்கு 61 என்பதால் அவருடைய 67 வரை உங்களுக்கு அந்த விகிதம் வர வேண்டும். எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே ரேங்க், ஒரே சேவைக்காலம் என்றால் ஒரே பென்ஷன் என்கிற ‘ஒரே பதவி ஒரே பென்ஷன்’ திருத்தமும் குடும்ப பென்ஷனுக்குப் பொருந்தும். சாங்ஷன் தாள் வந்ததும் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், கூடுதல் விகிதத்தின் கடைசித் தேதி அதிலேயே போட்டிருக்கும்.

இன்னொன்று, அவர் இறந்த பிறகும் அவர் பென்ஷன் கணக்கில் ஏறியிருந்தால் அதைத் தொட வேண்டாம். அதைத் திரும்பப் பிடிப்பார்கள்.

பதில்: சிப்பாய் மனைவி

அக்கா, உங்களுக்குக் கிடைத்துவிடும், தைரியமாக இருங்கள். என் கதை வேறு. என் வீட்டுக்காரர் 11 வருடத்தில் சொந்த விருப்பத்தில் வந்துவிட்டார். 15 வருடம் இல்லாததால் அவருக்கே பென்ஷன் கிடையாது, அதனால் எனக்கும் குடும்ப பென்ஷன் கிடையாது என்று பதில் வந்தது. ஊரில் எல்லாரும் "மிலிட்டரிக்காரர் பொண்டாட்டிக்கு பென்ஷன் இல்லாமல் இருக்குமா" என்று கேட்கும்போது எனக்கு என்ன சொல்வது என்றே தெரியாது. நல அலுவலகத்தில் ஒரு அம்மாதான் உட்கார வைத்துப் பேசி, கேந்திரிய சைனிக் வாரியத்தின் வறுமை நிவாரண உதவியைச் சொன்னார். பென்ஷன் இல்லாத முன்னாள் வீரர்களுக்கும் விதவைகளுக்கும், ஹவில்தார் ரேங்க் வரை, 65 வயதுக்கு மேல் என்றால் கிடைக்கும். மாதம் 4,000 ஆக இருந்தது, 2025 நவம்பர் முதல் வருகிற விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். என்னை மாதிரி இருப்பவர்கள் இதைப் படித்தால் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

பதில்: ரெக்கார்ட் ஆபீஸ் பழையவர்

தங்கை சொன்னது சரி. ஆனால் 15 வருடம் இல்லை என்றதும் எல்லாரும் கைவிட்டுவிடவும் வேண்டாம். டிஸ்சார்ஜ் புக்கில் ஏன் வெளியே வந்தார் என்பதைப் படியுங்கள். உடல்நிலை காரணமாக மெடிக்கல் போர்டு அனுப்பியிருந்தால் கணக்கு வேறு. படையில் இருந்து வந்த பிறகு, அழைத்தால் திரும்பப் போக வேண்டிய ரிசர்வ் காலத்தையும் சேர்த்து 15 வருடம் வந்தால் ரிசர்விஸ்ட் பென்ஷன் உண்டு. 14 வருடத்துக்கு மேல் இருந்து சில மாதங்கள்தான் குறைகிறது என்றால் 12 மாதம் வரையான குறைவை மன்னிக்க விதி இருக்கிறது, சொந்த விருப்பத்தில் வந்தவர்களுக்கு மட்டும் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு. வழக்குப் போடுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், பல வருடம் கழித்துப் போனால் பெரும்பாலும் கடைசி மூன்று வருட அரியரோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கேட்பவர்: ஹவில்தார் மனைவி

படித்ததும் பீரோவில் இருந்த அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். டிஸ்சார்ஜ் புக்கின் பின்னட்டைக்குள் ஜாயின்ட் போட்டோ இருக்கிறது, பின்னால் யூனிட் சீலும் ஆபீசர் கையெழுத்தும் தெளிவாகவே இருக்கின்றன. என் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் அம்மா வீட்டில் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை நல அலுவலகம் போகிறேன். ஐயா, ஸ்பர்ஷில் இறப்பைப் பதிய வேண்டும் என்று மகன் சொல்கிறான், ரெக்கார்ட் திருத்தம் வரும் வரை பொறுக்க வேண்டுமா?

பதில்: ரெக்கார்ட் ஆபீஸ் பழையவர்

பொறுக்க வேண்டாம், இறப்பை இப்போதே பதியச் சொல்லுங்கள். பதிந்த எண்ணைக் கடிதத்திலும் குறிப்பிடுங்கள். போட்டோவை ஸ்கேன் செய்து நகல் மட்டும் அனுப்புங்கள், மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். ஸ்பர்ஷில் இருந்து பேசுகிறோம் என்று யாராவது போனில் ஓ.டி.பி. கேட்டால் உடனே வைத்துவிடுங்கள், அங்கிருந்து யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஜபல்பூரில் இருந்து பதில் வந்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கேயே போடுங்கள், அடுத்தது என்ன என்று பார்த்துக்கொள்ளலாம்.