20,000 சொன்னாங்க, 14,130 வந்திருக்கு. மீதி எங்க போச்சு?

கயல்:
அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில ஏப்ரல்ல சேர்ந்தேன். ஆஃபர் லெட்டர்ல சி.டி.சி. மாசம் 20,000. ஆனா மாசாமாசம் வந்தது 15,380. செப்டம்பர்ல அதுவும் குறைஞ்சு 14,130. ஸ்லிப்ல பேசிக், டி.ஏ. சேர்த்து 12,000, ஹெச்.ஆர்.ஏ. 4,000, இதர படி 1,300. பிடித்தம்: பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,440, இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) 130, கேன்டீன் 350, தொழில் வரி 1,250. ஹெச்.ஆர்.ல கேட்டா "எல்லாம் ரூல்படிதான்"ங்கறாங்க. 20,000-ஐ நம்பித்தான் தம்பி காலேஜ் ஃபீஸை ஏத்துக்கிட்டேன். யாராவது விளக்குங்க.

தணிகாசலம்:
சம்பளக் கணக்குப் பிரிவுலயே இருந்து ரிட்டயர் ஆனவன்மா நான். உனக்கு வரி வரியா விளக்கிச் சொல்லியிருக்கணும், அதைச் செய்யாதது அவங்க தப்பு.

சி.டி.சி.ங்கறது உனக்காக கம்பெனி செலவழிக்கிற மொத்தப் பணம். உன் சம்பளம் 17,300-தான். அதுக்கு மேல கம்பெனி கட்டுற பி.எஃப்., பேசிக், டி.ஏ. 12,000-ல நிர்வாகச் செலவோட 13 சதவீதம், 1,560. இ.எஸ்.ஐ., 17,300-ல 3.25 சதவீதம், 563. கிராஜுட்டிக்கு, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தர்ற பணிக்கொடைக்கு, 577. கூட்டிப் பாரு, சரியா 20,000 வரும். கிராஜுட்டி, அஞ்சு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தாத்தான் கைக்கு வரும்.

தொழில் வரி மாநகராட்சிக்குப் போறது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினா 1,250. அடுத்த மாசம் பழையபடி 15,380 வந்துடும்.

நீ கவனிக்க வேண்டியது பி.எஃப்.தான். ஸ்லிப்ல பிடிச்சுட்டுக் கட்டாம விடுற முதலாளிகள் உண்டு. உமங்ங்கற அரசு ஆப்ல யு.ஏ.என். (உன் பி.எஃப். எண்) போட்டு பாஸ்புக்கைத் திற. மாசத்துக்கு உன் பங்கு 1,440, கம்பெனி பங்கு 440, பென்ஷனுக்கு 1,000, மூணும் ஏறியிருக்கணும். ஏறலைன்னா ஸ்லிப்பைப் பத்திரமா வச்சுக்கிட்டு பி.எஃப். ஆபீஸ்ல புகார் கொடு. கம்பெனி பங்கையும் உன் 17,300-லேர்ந்து கழிச்சா அது சட்டவிரோதம். உன் ஸ்லிப்ல அப்படி இல்ல.

ரெஜினா:
கயல், அந்த 130 ரூபாயைச் சாதாரணமா நினைக்காதீங்க. எங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் கே.கே. நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலதான் நடந்தது, ஒரு பைசா கட்டல. உங்களை நம்பி இருக்கிற அப்பா அம்மா பேரையும் இ.எஸ்.ஐ. கார்டுல சேருங்க. ஹெச்.ஆர். தானா செய்ய மாட்டாங்க, கேட்டு வாங்கணும்.

கயல்:
பாஸ்புக் பார்த்தேன் ஐயா. ஆகஸ்ட் வரைக்கும் மூணும் ஏறியிருக்கு. ரொம்ப நன்றி. அக்கா, அப்பா பேரைச் சேர்க்க நாளைக்கே கேட்கிறேன். ஜனவரியில இன்க்ரிமென்ட் வந்து சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000-ஐத் தாண்டிட்டா இ.எஸ்.ஐ. உடனே நின்னுடுமா?

தணிகாசலம்:
உடனே நிக்காதும்மா. அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும் ஒரு தவணை. நடுவுல தாண்டினாலும் மார்ச் முடியிற வரைக்கும் பிடிப்பாங்க, புதுச் சம்பளத்துக்கு 0.75 சதவீதம். அப்பாவுக்குப் பார்க்க வேண்டிய வைத்தியம் ஏதாவது இருந்தா இப்பவே ஆரம்பிச்சுடு.