திருவனந்தபுரம்–லண்டன்: துபாய் வழியா, டில்லி வழியா?

(பேசுகிறவர்களை அவரவர் ஊர்ப்பெயரால் குறித்திருக்கிறோம்.)

களியக்காவிளை:
திருவனந்தபுரத்திலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் 8,400 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 9 மணி 20 நிமிடம்தான். துபாய் வழி டிக்கெட்டில் 14 மணி நேரம் வருகிறதே, வளைந்து போவதால்தானே? மேப்பில் ஸ்கேல் வைத்தால் துபாய் கோட்டுக்கு வடக்கே தள்ளி நிற்கிறது. அதற்கு டில்லி வழி மேல். நம் நாட்டுக்குள்ளேயே விமானம் மாறலாம்.

பாறசாலை:
ஸ்கேலை விடுங்க அண்ணே. உலக உருண்டையில ரெண்டு ஊருக்கும் நூல் பிடிச்சா, அது துபாய்க்கும் வடக்கே ஈரான் மேல போகும். துபாய்ல இறங்கினா 2,950 + 5,500, ஆக 8,450 கி.மீ. கூடுறது வெறும் 50. டில்லி வழி 2,230 + 6,730, ஆக 8,960. கூடுறது 560. நீளமான கோட்டுல கொஞ்சம் பக்கவாட்டுல விலகினா தூரம் அதிகம் கூடாது. ஆரம்பத்திலேயே நேர் வடக்கே திரும்பினா கூடும்.

அந்த 900-ம் காற்றில்லாத கணக்கு. மேற்கே போகும்போது எதிர்க்காற்று, குளிர்காலத்துல இன்னும் பலமா இருக்கும். துபாய்–லண்டன் ஏழே முக்கால் மணி ஆகும். திரும்பி வர ஏழுதான். ஒவ்வொரு இறக்கத்துக்கும் தாழ்றது, ஓடுபாதையில ஊர்றது, மறுபடி ஏறுறதுன்னு அரை மணிக்கு மேல தனி.

களியக்காவிளை:
தூரக்கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 50 கி.மீ.க்காக 14 மணி நேரம் ஆகுமா? துபாயில் உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் சொல்லுங்கள்.

தக்கலை:
இரண்டு பேரும் கடிகாரத்தை விட்டுவிட்டீர்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். காலை 4.00-க்குப் புறப்பட்டு துபாயில் 6.50 என்றால் பறப்பது 2 மணி 50 நிமிடமல்ல. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னே, ஆகவே 4 மணி 20 நிமிடம். அங்கே 8.30-க்கு ஏறி, குளிர்காலத்தில் லண்டனில் பகல் 12.15. நமக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி; மொத்தப் பயணம் 13 மணி 45 நிமிடம். அதில் துபாயில் காத்திருப்பு 1 மணி 40 நிமிடம் மட்டுமே. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் கடிகாரம் ஒரு மணி முன்னே போகும். அப்போது அதே விமானம் லண்டனில் இறங்கும் நேரம் பிற்பகல் 1.15 என்று காட்டும். பயணம் நீளவில்லை.

பாறசாலை:
டில்லி வழிக்கு இன்னொரு இடி: டில்லி–லண்டன் குறுக்குக்கோடு பாகிஸ்தான் மேல போகுது. 2025 ஏப்ரல்ல இந்திய விமானங்களுக்கு அந்த வான்வெளியை மூடினாங்க. மூடியிருக்கும்போது அரபிக்கடல் பக்கமா சுத்தணும், நேரமும் எரிபொருளும் கூடும். திருவனந்தபுரம்–துபாய் வழி அந்தப் பக்கமே போகாது.

களியக்காவிளை:
துபாயிலும் சிக்கல் உண்டு. டெர்மினல் 2-ல் இறங்கி 3-ல் ஏறுவதென்றால் ஓடுபாதைக்கு மறுபக்கம் பஸ்ஸில் போக வேண்டும். 1.40 போதாது, இரண்டரை மணியாவது வேண்டும். மலிவென்று தனித்தனி டிக்கெட் எடுத்தால் பெட்டி துபாயோடு நின்றுவிடும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வீண். டில்லியில் பல உள்நாட்டு விமானங்களும் வெளிநாட்டு விமானங்களும் டெர்மினல் 3-ல் ஒரே கூரைக்குள் கிடைக்கும். வயதானவர்களை அனுப்பும்போது டில்லி வழியில் கூடும் நேரம் எனக்குப் பெரிதல்ல.

தக்கலை:
பி.என்.ஆர். (முன்பதிவு எண்) ஒன்றே என்றால் பெட்டி லண்டன் வரை போகும், அண்ணே. பெட்டி டேக்கில் கடைசி ஊர் எல்.எச்.ஆர். (ஹீத்ரோவின் குறியீடு) என்று அச்சாகியிருக்கிறதா என்று திருவனந்தபுரம் கவுண்டரிலேயே பாருங்கள். 4.00 மணி விமானத்துக்கு 1.00 மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வழியிலுள்ள பாலராமபுரத்தில் நெரிசல் இருக்காது. மாலை விமானமென்றால் மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.