மோர்பியிலிருந்து கொழும்பு வரை: டைல் இறக்குமதி செய்தவர்கள் சொல்கிறார்கள்

பழைய சோனகத் தெருவில் டைல் கடை வைத்திருப்பவர்:

கடைக்கு வருகிறவர்கள் விலையைக் கேட்டுவிட்டு அடுத்ததாகக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “இந்தியாவில் இதே டைல் பாதி விலையாமே, நாங்களே ஒரு கொண்டெய்னர் இறக்கினால் என்ன?” தாராளமாக இறக்கலாம். 2020-இல் டொலர் தட்டுப்பாட்டில் டைல் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து, உள்ளூர் டைலுக்காக ஆட்கள் காத்துக் கிடந்த காலம் மாறிவிட்டது. ஆனால் வட்ஸ்அப்பில் வருகிற அந்த விலை குஜராத்தில் மோர்பித் தொழிற்சாலை வாசலில் உள்ள விலை. அங்கிருந்து உங்கள் வீட்டுத் தரை வரைக்கும் நடப்பதை அனுபவப்பட்டவர்கள் எழுதினால் பலருக்கு உதவும். நானே தொடங்குகிறேன்.

முதலில் கணக்கு. 600க்கு 600 மில்லிமீற்றர் டைல் ஒரு பெட்டியில் 4 இருக்கும். 1.44 சதுர மீற்றர், அதாவது 15.5 சதுர அடி. 9 மில்லிமீற்றர் தடிப்பென்றால் பெட்டி 28, 30 கிலோ வரும். 20 அடிக் கொண்டெய்னரில் இடம் நிறைவதற்கு முன்பே நிறை எல்லை வந்துவிடும். 27 தொன் ஏற்றினால் 900 பெட்டிக்கு மேல், ஏறத்தாழ 14,000 சதுர அடி. ஒரு வீட்டுக்கு 2,000 சதுர அடி போதும். மீதியை எங்கே வைப்பது? குறைத்து ஏற்றினாலும் கப்பல் கூலி குறையாது. தடிப்பிலும் சிலர் விளையாடுவார்கள். 9 என்று பேசி 8 அனுப்புவார்கள், தரையில் போட்ட பிறகு யார் அளக்கப் போகிறார்கள் என்று. அதனால் சப்ளையர் முன்கூட்டியே தருகிற விலைச்சீட்டான புரோபோமா இன்வொய்ஸில் ஒரு பெட்டியின் நிறையைக் கிலோவில் எழுதித் தரச் சொல்லுங்கள். தராசு பொய் சொல்லாது.

இதைவிடப் பெரிய விஷயம் லொட், அதாவது ஒரே தடவையில் வெந்த தொகுதி. வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்புக்கு எங்கள் மூலமாக ஒருவர் சாம்பல் நிற டைல் எடுத்தார். பணத்தை ஒரே தடவையில் போடக் கஷ்டம், பாதியை இப்போதும் பாதியைப் பிறகும் எடுக்கிறேன் என்றார். நிறம் மாறும் என்று சொன்னோம், அதே டிசைன் நம்பர்தானே என்றார். இரண்டாவது கொண்டெய்னர் வந்தது. டிசைன், நம்பர், தொழிற்சாலை எல்லாம் அதேதான். பெட்டியின் பக்கவாட்டில் மட்டும் முதல் தடவை ஷேட் 02 என்று அடித்திருந்தது, இப்போது ஷேட் 05. கையில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மண்டபத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று நீலம் பாய்ந்த சாம்பல், மற்றது மண்ணிறம் கலந்த சாம்பல். சப்ளையரைப் பிழை சொல்ல முடியாது. 1200 பாகை சூட்டில் வேகிற களிமண் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வராது, அதற்காகத்தான் பெட்டியில் ஷேட்டும் (நிறச் சாயல்) கலிபரும் (வெந்த பிறகு உள்ள அளவு) அடிக்கிறார்கள். கடைசியில் இரண்டாவது லொட் முழுவதும் படுக்கையறைகளுக்குள் போனது. கதவு நிலைகளில் கறுப்புக் கிரனைட் பட்டி வைத்துச் சமாளித்தார்கள்.

நீங்கள் விலை பேசுவது ஒரு டிசைனுக்கு. கைக்கு வருவது ஒரு நாள் ஒரு சூளையில் வெந்த ஒரு லொட். ஓடரில் “ஒரே ஷேட், ஒரே கலிபர்” என்று எழுதுங்கள். கொண்டெய்னரில் ஏற்றும்போது பெட்டி லேபல்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மீதிப் பணம் அதற்குப் பிறகு.

தெஹிவளையில் வீடு கட்டியவர்:

அண்ணன் சொன்ன 14,000 சதுர அடிக் கணக்கு எங்களுக்கு முதலிலேயே தெரியும். அதனால் நானும் மச்சானும் கல்கிசையில் கட்டிக்கொண்டிருந்த இன்னொருவரும் சேர்ந்து ஒரு கொண்டெய்னர் எடுத்தோம். மூவருக்கும் வேறு வேறு டிசைன். யாருக்கு எத்தனை பலட் (பெட்டிகளை அடுக்கும் மரத்தட்டு) என்று ஓடர் கொடுக்கும்போதே பிரித்து எழுதிவிட்டோம். பிறகு சண்டை வராமல் இருந்தது அதனால்தான்.

வரிதான் தலைசுற்ற வைத்தது. டைல் விலை, கப்பல் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்த சி.ஐ.எப் பெறுமதியில் சுங்கத் தீர்வை, செஸ், துறைமுக விமான நிலைய வரி என்று அடுக்கிக்கொண்டே போய், சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் சேர்ந்து, மேலே பெறுமதி சேர் வரியான வற். வரிக்கு மேல் வரி என்று மச்சான் புலம்பியது சும்மா இல்லை, வற் கணக்கிடும்போது சுங்கத் தீர்வை, செஸ் போன்ற முன்னைய வரிகளும் அதற்குள் வரும். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 சதவீதம். நாங்கள் முதலில் விசாரித்தபோது 15. பழைய கணக்கை வைத்துக்கொண்டு யாராவது இப்போது விலை சொன்னால் நம்பாதீர்கள். வர்த்தமானி வந்தால் ஒரே இரவில் மாறும். டொலரும் அப்படித்தான். 2022-இல் பார்த்தோமே, மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360. என் நண்பர் ஒருவர் முற்பணம் கட்டிவிட்டு மீதியைக் கட்டும்போது அந்த இடைவெளியில் மாட்டினார். டைல் விலை ஒரு சதமும் ஏறவில்லை, அவர் கட்ட வேண்டிய மீதி மட்டும் ரூபாயில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது.

அப்புறம் இறக்குகிற வேலை. எங்கள் ஒழுங்கைக்குள் கொண்டெய்னர் லொறி திரும்பவே முடியாது. பேலியகொடையில் தெரிந்தவர் ஒருவரின் ஸ்டோர் முற்றத்தில் இறக்கி, சின்ன லொறிகளில் வீட்டுக்குக் கொண்டுபோனோம். சுமை தூக்கும் நாட்டாமிமார் வந்தார்கள். கூலியைப் பெட்டிக் கணக்கில் பேசினோம். 30 கிலோ பெட்டியை முதுகில் வாங்கி, டைல் நிமிர்ந்து நிற்கிற மாதிரியே கீழே வைத்தார்கள். படுக்க வைத்தால் நடுவில் வெடிக்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது அவர்கள்தான்.

இறக்கும் முன் கொண்டெய்னரின் சீல் பூட்டை வெட்டிக் கதவைத் திறந்ததும் வாசல் பக்கத்துப் பலட் ஒன்றில் பட்டி தளர்ந்து, பெட்டிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. கீழ் வரிசையில் மூலை உடைந்தவை கொஞ்சம். காப்புறுதி இருக்கிறதே என்று ஆறுதல்பட்டால், சப்ளையர் போட்டது சி.ஐ.எப்புக்கு வேண்டிய ஆகக் குறைந்த பாதுகாப்பு. கப்பல் தீப்பிடித்தால், தாண்டால் தருவார்கள். பெட்டிக்குள் உடைந்ததற்கு இல்லை. மூன்று பேரும் அதைப் பங்கிட்டுக்கொண்டோம்.

பழைய சோனகத் தெருக் கடைக்காரர்:

தம்பி, காப்புறுதியை இங்கேயே எடுத்து எல்லா அபாயத்துக்கும் போடுங்கள். உடைவுக்கு இத்தனை சதவீதம் வரை உங்கள் பொறுப்பு என்று ஒரு வரி அதிலும் இருக்கும், அதையும் வாசியுங்கள். கதவைத் திறக்கும்போது சீல் நம்பர் தெரியப் படம், உள்ளே இருக்கிற நிலைக்குப் படம். உடைவு கண்ணில் பட்டால், சேதத்தை மதிப்பிடும் சேர்வேயர் வந்து பார்க்கும் வரை இறக்குவதை நிறுத்திவிடுங்கள்.

துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்ப்பவர்:

சுருக்கமாகச் சொல்கிறேன், வேலை கிடக்கிறது.

எச்.எஸ் கோட், அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண். டைலுக்கு 6907. அதிலேயே தண்ணீர் உறிஞ்சும் அளவை வைத்துப் பிரிவு இருக்கிறது. 0.5 சதவீதம் வரை 6907.21, அதற்கு மேல் 10 வரை 6907.22, அதற்கும் மேல் 6907.23. போசலின் என்பது முதல் பிரிவு. சப்ளையர் இன்வொய்ஸில் எதை எழுதுகிறார், பெட்டியில் என்ன அடித்திருக்கிறது, நாங்கள் கஸ்டெக்கில் (சுங்கப் பிரகடனத்தில்) எதைப் போடுகிறோம், மூன்றும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் விசாரணை. அது முடியும் வரை கொண்டெய்னர் நிற்கும், டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஓடும். கப்பல் கொம்பனி தருகிற இலவச நாட்களை எண்ணும்போது சனி, ஞாயிறு, போயாவை மறந்துவிடாதீர்கள். எங்களுக்குத்தான் லீவு, மீற்றருக்கு இல்லை.

மரப் பலட்டில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்திய முத்திரை இருக்க வேண்டும். கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படமும் பக்கத்தில் நாட்டுக் குறியீடும் இருக்கும். அது இல்லாத பலட்டால் நல்ல சரக்கு மாட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தியாவுடன் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறதே, வரி இல்லைத்தானே என்று கேட்பார்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, உண்மை. சலுகை கிடைக்காத பொருட்களின் பட்டியலும் கூடவே இருக்கிறது. உங்கள் கோட் எந்தப் பக்கம் என்று பணம் அனுப்பும் முன் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, வீட்டு உள்ளலங்காரம் செய்யும் ஒரு பெண்:

அந்த 0.5 சதவீதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டும். ஒரு வாடிக்கையாளர் சீனாவில் போஷான் பக்கத்திலிருந்து போசலின் என்று ஒரு மாதிரி வரவழைத்தார். விலை நம்ப முடியாத அளவுக்கு மலிவு. பின்பக்கம் லேசான சிவப்பு. தண்ணீர்ச் சொட்டு விட்டேன், நின்று நிதானமாக உள்ளே போனது. சந்தேகம் தீரவில்லை. ஒரு துண்டை உடைத்து, ஓவனில் நன்றாகக் காயவைத்து, செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் மாமாவிடம் கொண்டுபோனேன். தங்கத் தராசில் ஓட்டுத் துண்டா என்று சிரித்துக்கொண்டே நிறுத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு மணித்தியாலம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து மறுபடி அதே தராசு. 3 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. இது ஆய்வுகூடச் சோதனை ஆகாது, ஆனால் 0.5-க்கும் 3-க்கும் உள்ள தூரம் தங்கத் தராசுக்குத் தெரியும். அந்த ஓடர் போகவில்லை.

டைலின் முகம், அதாவது மேலே அடித்திருக்கும் படம், திரும்பத் திரும்ப வருவதையும் கவனியுங்கள். மாபிள் டிசைனை இப்போது இங்க்ஜெட்டில்தான் அடிக்கிறார்கள். எத்தனை வேறுபட்ட முகங்கள் என்று கேளுங்கள். நாலே நாலு முகம் உள்ள டைலைப் பெரிய மண்டபத்தில் போட்டால் ஒரே நரம்பு எங்கு பார்த்தாலும் எட்டிப் பார்க்கும். சிலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களுக்கு அதற்குப் பிறகு வேறொன்றும் தெரியாது.

அப்புறம் பளபளப்பு. ஷோரூமில் அழகு. கொழும்பு மழையில் நனைந்த செருப்போடு வாசலில் கால் வைத்துப் பாருங்கள். பல்கனிக்கும் வாசலுக்கும் ஆர்10, ஆர்11 என்று வழுக்கல் தரம் போட்ட டைலைக் கேளுங்கள், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கட்டாயம்.

வத்தளையிலிருந்து ஒருவர்:

சப்ளையரோடு நல்ல பழக்கம், எல்லாம் ஈமெயிலில்தான் நடந்தது. மீதிப் பணம் கட்டுகிற நேரத்தில் ஒரு மெயில் வந்தது: எங்கள் வங்கிக் கணக்கில் கணக்காய்வு நடக்கிறது, இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள். அதே கையெழுத்து, அதே லோகோ. என் மனைவிதான் அந்த முகவரியில் ஒரு எழுத்து கூடுதலாக இருப்பதைப் பார்த்தார். போன் எடுத்துக் கேட்டால் அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. இடையில் யாரோ மெயிலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கணக்கு நம்பர் மாறினால் போனில் குரலைக் கேட்காமல் ஒரு டொலரும் அனுப்பாதீர்கள்.

மட்டக்குளியில் டைல் பதிக்கும் வேலை செய்பவர்:

நீங்கள் எல்லோரும் கொண்டுவந்து இறக்கிவிடுவீர்கள், கடைசியில் பேச்சு வாங்குவது நாங்கள். தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்கிறது, டைல் பதித்த பாஸ் சரியில்லை என்பார்கள்.

போசலின் தண்ணீர் குடிக்காது என்று மேலே எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் குடிக்காத டைல் சீமெந்துக் குழம்பையும் பிடிக்காது. பழைய மாதிரிச் சீமெந்தைக் கரைத்து ஊற்றி ஒட்டினால் ஒரு வருடத்தில் கழன்று வரும். போசலினுக்கென்று உள்ள டைல் பசைதான் போட வேண்டும். வெளியிலிருந்து வருகிற டைலின் முதுகில் வெள்ளைத் தூள் படிந்திருக்கும், சூளை உருளையில் ஒட்டாமல் இருக்கப் பூசுவது. அதைப் பிரஷ் போட்டுத் துடைக்காவிட்டால் பசை அந்தத் தூளில் ஒட்டும், டைலில் ஒட்டாது. வீட்டுக்காரர் டைலில் மிச்சம் பிடித்த காசைப் பசையில் செலவழிக்க மனமில்லாமல் நிற்பார், அதை எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

600க்கு 1200 நீட்டு டைல் எல்லாமே நடுவில் கொஞ்சம் வளைந்துதான் வரும், அது குறை இல்லை. செங்கல் வரிசை மாதிரி பாதிக்குப் பாதி வைத்தால் ஒன்றின் உயர்ந்த நடுவும் அடுத்ததின் தாழ்ந்த ஓரமும் சந்திக்கும், காலில் இடறும். மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைக்க விடுங்கள். வாங்க முன் இரண்டு டைலை முகத்தோடு முகம் சேர்த்து ஓரத்தில் வெளிச்சம் எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். எனக்கு அது போதும், வேலை எடுக்கலாமா என்று சொல்லிவிடுவேன்.

தெஹிவளையில் வீடு கட்டியவர்:

பாஸ், எத்தனை சதவீதம் கூட எடுக்கலாம்? எங்களுக்கு உடைந்ததும் போய், குளியலறைக்குப் பக்கத்தில் நாலு டைல் குறைந்துவிட்டது.

மட்டக்குளியில் டைல் பதிக்கும் வேலை செய்பவர்:

நேராகப் பதித்தால் பத்து, குறுக்காகப் பதித்தால் பதினைந்து. இறக்குமதி என்றால் அதற்கு மேல் இரண்டு மூன்று பெட்டி பிரிக்காமல் வையுங்கள். குழாய் வெடித்துத் தரையைக் கிண்டும் நாளில் அதே லொட் எங்கேயும் கிடைக்காது.

பழைய சோனகத் தெருக் கடைக்காரர்:

சீனாவிலிருந்து எடுப்பவர்களுக்கு ஒன்று விட்டுப்போய்விட்டது. அவர்களுடைய புத்தாண்டை ஒட்டிச் சூளைகள் வாரக்கணக்கில் நிற்கும். மோர்பியில் தீபாவளிக்கு வேலை மந்தமாகும். அதற்குச் சற்று முன் “உடனே அனுப்புகிறோம்” என்று வருகிற சரக்கில் மிச்சம் மீதி லொட்டுகளைச் சேர்த்து அடுக்கியிருக்கலாம். அந்த நேரத்தில் ஓடர் கொடுத்தால் லேபல் படத்தைப் பெட்டி பெட்டியாகக் கேளுங்கள். தம்பி, உங்களுக்குக் குறைந்த அந்த நாலு டைலின் ஷேட் நம்பரை அனுப்புங்கள், ஸ்டோரில் பார்க்கிறேன்.