கோழிக்கோட்டில் பிரியாணிக்கு அடுத்து என்ன சாப்பிடலாம்?

திருச்சி உறுப்பினர்:

கோழிக்கோட்டில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் பெரும்பாலோர் பாரகன் உணவகத்தைத்தான் சொல்வார்கள். 1939 முதல் நடந்துவரும் அந்த இடத்தின் பிரியாணியில் எனக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஊர் பிரியாணிக்குரிய கைமா அரிசி நம் சீரகச் சம்பாவைப் போலச் சிறிய மணியாக இருப்பதால், பாசுமதியில் காணக் கிடைக்காத அளவுக்கு மசாலாவும் நெய்யும் சோற்றோடு இணைந்துவிடுகின்றன. தொட்டுக்கொள்ளத் தரும் பேரீச்சம்பழ ஊறுகாயைத் தவிர்த்துவிடாதீர்கள். ஆனால் மலபாரில் மாப்பிள்ளைமார் எனப்படும் முஸ்லிம் சமூகத்தினரின் வீட்டுக் கைப்பக்குவத்தை அறிய விரும்புவோர், மதிய உணவை அளவோடு முடித்துக்கொண்டு, மாலை நான்கு மணிக்கு மேல், ஒரு குளத்தைச் சுற்றி அமைந்த பழைய முஸ்லிம் குடியிருப்பான குற்றிச்சிறா பக்கம் போக வேண்டும் என்பேன்.

1510இல் போர்த்துகீசியர் வைத்த தீயில் சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்ட மிஷ்கால் பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. அதன் மர வேலைப்பாடுகளைப் பார்த்துவிட்டு, குளத்தை ஒட்டிய தெருவில் ஒரு சிறிய தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், நான் கேட்காமலேயே, தம் தட்டிலிருந்த அரிக்கடுக்காவை என் பக்கம் நகர்த்தி, “முதலில் இதைச் சாப்பிடுங்கள், பிறகு மற்றதெல்லாம்” என்றார். புழுங்கலரிசி, தேங்காய், சின்ன வெங்காயம், பெருஞ்சீரகம் ஆகியவற்றை அரைத்த மாவைக் கடுக்காச் சிப்பிக்குள் திணித்து, ஆவியில் வேகவைத்து, ஓட்டை நீக்கிய பின் மிளகாய் மசாலாவில் புரட்டிப் பொரிக்கிறார்கள். மேலே காரமாக மொறுமொறுப்பதும், உள்ளே கொழுக்கட்டை போன்ற மாவுக்கு நடுவே சிப்பிச் சதை உப்புச் சுவையோடு தட்டுப்படுவதும் தனி ருசி. கூடவே எலுமிச்சை பிழிந்த சுலைமானி, அதாவது பால் சேர்க்காத தேநீர், இருந்தால் போதும்.

கோவை உறுப்பினர்:

எங்கள் குடும்பத்தில் அனைவரும் சைவம் என்பதால், மேலே சொன்னவற்றில் சுலைமானி மட்டுமே எங்களுக்குக் கிட்டியது. நேந்திரம் பழத்தை வேகவைத்து மசித்து, தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரிக்கும் உன்னக்காயை ஆசையோடு கேட்டோம். அந்தப் பூரணத்தில் முட்டை சேர்த்திருப்பதாகக் கடைக்காரரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். எல்லாக் கடைகளிலும் அப்படிச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. மிட்டாய்த் தெருவில் அந்தக் கவலை இல்லை. மைதாவும் தேங்காயெண்ணெயும் சேர்த்துக் கிண்டிய அல்வாவைப் பல நிறங்களில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், வாங்கும் முன் ஒரு துண்டு வெட்டித் தருகிறார்கள். நெய் அல்வாவுக்குப் பழகிய நாக்குக்கு முதல் வாய் சற்று அந்நியமாகத் தோன்றும். கடற்கரையில் உப்புநீரிலும் காந்தாரி மிளகாயிலும் ஊறிய நெல்லிக்காய், மாங்காய், அன்னாசித் துண்டுகளைத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள்.

திருச்சி உறுப்பினர்:

ரமலான் மாதத்தில் போகிறவர்கள், பகலில் பல கடைகள் மூடியிருக்கும் என்பதையும், நோன்பு திறக்கும் நேரத்தில்தான் இந்தப் பலகாரங்கள் அத்தனையும் விற்பனைக்கு வரும் என்பதையும் கணக்கில் கொண்டு திட்டமிடுங்கள்.