ராய்ஸ் "நம்புகிறேன்" என்றாரா, "ஆபத்து" என்றாரா?

வழுநீக்கி: மென்பொருள் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸைப் பற்றி, "1970இல் ராய்ஸ் வாட்டர்ஃபாலைக் கொண்டுவந்து தொழிலையே கெடுத்தார், 2001இல் அஜைல் வந்து மீட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வாட்டர்ஃபால் என்றால் தேவை, டிசைன், கோடிங், டெஸ்டிங் என்று ஒன்று முடிந்தபின் அடுத்தது எனப் படிப்படியாக இறங்கும் முறை; அஜைல் என்றால் சின்னச் சின்னச் சுற்றுகளாகச் செய்யும் முறை. ராய்ஸின் 1970 கட்டுரையைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார் அவர். இரண்டாவது படத்தில் படிகளை வரைந்துவிட்டு, கீழேயே "இப்படிச் செய்வது ஆபத்து, தோல்வியை வரவழைக்கும்" என்கிறார் ராய்ஸ். வாட்டர்ஃபால் என்ற சொல்லே அதில் கிடையாது, 1976இல்தான் வேறு இருவர் அந்தப் பெயரை வைத்தார்கள்.

நள்ளிரவு ரிலீஸ்: பாதி வாக்கியத்தை முழுங்கிவிட்டீர்களே. "இந்தக் கருத்தை நம்புகிறேன்" என்றுதான் அது தொடங்குகிறது.

வழுநீக்கி: அடுத்து வரும் "ஆனால்" கண்ணில் படவில்லையா? காரணமும் இருக்கிறது. டைமிங், மெமரி, உள்ளீடு வெளியீடு எல்லாம் கடைசி டெஸ்டிங் வரை காகிதக் கணக்குதான். அங்கே உதைத்தால் டிசைன் மாறும், டிசைன் மாறினால் தேவைகளும் மாறும், செலவு இரட்டிப்பாகலாம். அதனால்தான் 30 மாத வேலைக்கு முதல் 10 மாதத்தில் ஒரு மாதிரியைக் கட்டிப் பார்க்கச் சொல்கிறார்.

நள்ளிரவு ரிலீஸ்: 50 லட்சம் டாலர் மென்பொருளுக்கு 1500 பக்க ஸ்பெக் (என்ன செய்ய வேண்டும் என்ற விவர ஆவணம்) கேட்பதும் அதே மனிதர்தான். அதை மட்டும் ஏன் சொல்லவில்லை? நீர்வீழ்ச்சி முறையை நம்பினார். "நம்புகிறேன்." அவர் எழுத்து.

தமிழ்க்கிறுக்கன்: நீர்வீழ்ச்சி என்பது ஆங்கிலத்தைப் பிய்த்து ஒட்டியது. தமிழில் அருவி.

நள்ளிரவு ரிலீஸ்: குற்றாலத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். இங்கே வேலை நடக்கிறது.

தமிழ்க்கிறுக்கன்: குற்றாலத்தில் யாரும் நீர்வீழ்ச்சி என்று சொல்வதில்லை ஐயா.

மீரா: அந்த 10 மாத மாதிரியைக் குப்பையில் போட எந்த மேனேஜர் விடுவார்? "ஓடுதே, இதையே குடுத்துடலாம்" என்பார். எரர் ஹேண்ட்லிங் (பிழை வந்தால் சமாளிக்கும் ஏற்பாடு) இல்லாத அந்தக் கோட்தான் புரொடக்‌ஷனுக்கு, அதாவது நிஜப் பயன்பாட்டுக்கு, போகும். அஜைலின் இரண்டு வார ஸ்பிரின்ட் (குறுகிய வேலைச் சுற்று) மட்டும் என்ன வாழ்கிறது? எட்டு நாள் கோடிங், ஒன்பதாம் நாள் எல்லாருடைய கோடையும் சேர்க்கும் மெர்ஜ், பத்தாம் நாள் டெஸ்டிங். வழு வந்தால் அடுத்த ஸ்பிரின்ட். குட்டி வாட்டர்ஃபால்.

வழுநீக்கி: மீரா, பேச்சு இரண்டாவது படத்தைப் பற்றி. ஆபத்து என்றாரா, இல்லையா?

நள்ளிரவு ரிலீஸ்: நம்புகிறேன் என்றாரா, இல்லையா? ஸ்டோரி பாயிண்ட் (வேலைகளின் அளவை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தரும் மதிப்பு) இழையிலும் இதே வெட்டு ஒட்டு வேலைதான் பார்த்தீர்கள்.

வழுநீக்கி: ஒரு பாயிண்ட் என்றால் நாலு மணி நேரம் என்று அங்கே அளந்தவர் நீங்கள்தானே! ஒப்பீட்டு அளவை மணிக்கணக்காக்கியவர் ராய்ஸுக்கு உரை எழுத வந்துவிட்டார். 1985இல் அமெரிக்க ராணுவம் மென்பொருள் உருவாக்கத்துக்கு 2167 என்று ஒரு தரவிதி போட்டதே, அதை எழுதியவர்களும் உங்களைப் போல இரண்டாவது படத்தோடு நிறுத்திக்கொண்டார்கள் போல.

நள்ளிரவு ரிலீஸ்: நான் ஆறாவது பக்கம் தாண்டிவிட்டேன் தலைவரே. நீங்கள் "ஆனால்" தாண்டவில்லை.

தமிழ்க்கிறுக்கன்: அருவி.