கறுப்பு பெல்ட்டின் சாயம் சட்டையில் ஒட்டுகிறது: மேற்பூச்சுக்கு மெழுகா, அக்ரிலிக்கா?

கேள்வி:

சென்னை பெரியமேட்டில் வாங்கும் ஈ.ஐ. தோலில் (கிழக்கிந்தியத் தோல்: மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்டது) பெல்ட்டும் பர்ஸும் கையால் தைத்து விற்று வருகிறேன். ஸ்பிரிட் சாயம் பூசி, தேன்மெழுகைத் தேங்காய் எண்ணெயில் உருக்கிச் செய்த பசையைத் தேய்த்துவிட்டால் என் வேலை முடிந்தது. சென்ற ஐப்பசி மழையில் நனைந்து வீடு திரும்பிய வாடிக்கையாளர் ஒருவர், தம் வெள்ளைச் சட்டையின் இடுப்பைச் சுற்றி விரல் அகலத்துக்குக் கறுப்புக் கறை படிந்திருந்ததைப் படம் எடுத்து அனுப்பினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றாலும் அந்தப் படம் மனத்தை விட்டுப் போகவில்லை. அதன்பின் அக்ரிலிக் பூச்சு (காய்ந்ததும் மெல்லிய பிளாஸ்டிக் படலமாகும் திரவம்) வாங்கி, ஏற்கெனவே மெழுகு தேய்த்திருந்த பர்ஸ் ஒன்றின் மேல் மூன்று முறை கனமாகப் பூசினேன். கண்ணாடி போலப் பளபளத்தது. ஒரே வாரத்தில் மடிப்பில் வெள்ளைக் கோடுகள் விழுந்து, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உரிந்து வந்தது. நீரையும் தாங்கி, சாயத்தையும் பிடித்து வைத்து, தோலைப் பிளாஸ்டிக் போல ஆக்கிவிடாத பூச்சு எது?

பதில் 1:

உங்கள் சிக்கலில் பாதிக்குமேல் பூச்சுக்கு முந்தைய வேலையில்தான் இருக்கிறது. ஸ்பிரிட் ஆவியானபின் தோலுக்குள் இறங்காத சாயம் தூளாக மேலேயே தங்கிவிடும். அதன்மேல் எதைப் பூசினாலும் அந்தத் தூள் ஈரம் பட்டதும் வெளியே வரத்தான் பார்க்கும். சாயம் பூசிய தோலை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பழைய வெள்ளை வேட்டித் துணியால் அழுத்தித் தேயுங்கள். துணியில் கறுப்பு வருவது ஏறக்குறைய நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். கறுப்புக்கு நான் ஏழெட்டுத் துணியாவது செலவிடுகிறேன். பழுப்புக்கு இரண்டு மூன்று போதும்.

அக்ரிலிக் உரிந்ததற்குக் காரணம் அடியில் இருந்த மெழுகு. அக்ரிலிக் என்பது நீரில் கலந்த பிசின், அது மெழுகின்மேல் பிடிக்காது. எண்ணெய் கொடுப்பதென்றால் முதலில் மிகக் குறைவாகக் கொடுத்து, அது ஊறி அடங்க ஒரு நாள் விட்டு, அக்ரிலிக்கில் சம அளவு நீர் கலந்து, பஞ்சில் தொட்டு, ஈரம் மின்னி மறையும் அளவுக்கு மெல்லியதாக இரண்டு தடவை மட்டும் பூசுங்கள். மெழுகு கடைசியில்தான் வர வேண்டும்.

பதில் 2:

மேலே சொன்ன வரிசை பெல்ட்டுக்குப் பொருந்தும். பர்ஸுக்கு அக்ரிலிக்கே வேண்டாம் என்பது என் கருத்து. கைபட்டுக் கைபட்டு நிறம் ஆழ்வதற்காகத்தானே தாவரப் பதனீட்டுத் தோலைக் கேட்டு வாங்குகிறார்கள்? அதை அடைத்துவிட்டால், ஏற்கெனவே ஆலையிலேயே பூச்சு முடிந்து வரும் குரோம் தோலை (குரோமிய உப்பால் பதனிட்டது) வாங்கிவிட்டுப் போகலாம். சாயமிடாத பர்ஸுக்கு மெழுகுப் பசை தாராளமாகப் போதும்.

ஆனால் தேங்காய் எண்ணெயை விட்டுவிடுங்கள். அது 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், மார்கழியிலும் ஏசி அறையிலும் தோலின்மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும். வாடிக்கையாளர் பூஞ்சை என்று பயந்துவிடுவார். (சந்தேகம் வந்தால் முடி உலர்த்தும் டிரையரால் மெல்லச் சூடு காட்டிப் பாருங்கள்: கொழுப்போ மெழுகோ என்றால் உருகி மறையும், பூஞ்சை அப்படியே நிற்கும்.) நான் ஒரு பங்கு தேன்மெழுகுக்கு இரண்டு பங்கு நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது) சேர்க்கிறேன். தேன்மெழுகு 62 முதல் 64 பாகைக்குள் உருகிவிடும் என்பதால் வெந்நீரில் வைத்த கிண்ணமே போதும், அடுப்பின்மேல் நேரடியாக வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் பசை இளகுகிறது என்றால், 80 பாகைக்கு மேல் உருகும் கார்னூபா மெழுகை (ஒரு வகைப் பனையோலையிலிருந்து எடுப்பது) சிறிது சேர்க்கலாம். அதற்கு வெந்நீரைக் கொதிநிலையிலேயே வைத்திருக்க வேண்டும். கார்னூபாவைக் கூட்டிவிட்டால் பூச்சு மொறுமொறுப்பாகி வெடிக்கும்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. இன்னொரு ஐயம்: சாயமிடாத பெல்ட்டுகளில் பக்கிள் படும் இடத்தில் மட்டும் நீலம் கலந்த கறுப்புத் திட்டுகள் வருகின்றன. இதுவும் பூச்சுக் குறைதானா?

பதில் 1:

இல்லை, அது இரும்பு. பதனிடப் பயன்படும் மரப்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புப் பொருள் தோலுக்குள் இருக்கிறது. ஈரத்தில் இரும்பு அதனுடன் சேர்ந்தால் கறுத்துவிடும். கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) சேர்த்து மை காய்ச்சியவர்கள் நம் முன்னோர். நீங்கள் பக்கிளுக்கு அடியில் அதே மையைத்தான் காய்ச்சிக்கொண்டிருக்கிறீர்கள். எலுமிச்சைச் சாற்றை நீர்த்துத் தொட்டால் திட்டு மங்கும். பிறகு நல்ல நீரால் துடைத்துவிடுங்கள். முலாம் பூசிய இரும்பு பக்கிளை மாற்றிக் கெட்டிப் பித்தளைக்குப் போவதுதான் தீர்வு. காந்தம் ஒட்டினால் வாங்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். ஒரே தோலில் ஆறு துண்டுகள் வெட்டி, வெவ்வேறு விதமாகப் பூசி, நனைத்த வெள்ளைத் துணியில் சுற்றி, மேலே அம்மிக் குழவியை வைத்து ஓர் இரவு விட்டேன். நன்றாகத் தேய்த்துத் துடைத்து, மெல்லிய அக்ரிலிக் இரண்டு தடவையும் மேலே மெழுகும் கொடுத்த துண்டு, முகப்பில் துளியும் சாயம் விடவில்லை. வளைத்தாலும் கோடு விழவில்லை. ஆனால் துணியை விரித்தபோது, துண்டின் நான்கு ஓரங்களும் பென்சிலால் வரைந்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடாகத் துணியில் பதிந்திருந்தன. வெட்டு முனைக்கும் பெல்ட் துளைகளின் உட்புறத்துக்கும் நான் எதுவுமே பூசியிருக்கவில்லை.

பதில் 2:

அந்த வாடிக்கையாளரின் சட்டையிலும் கறை விரல் அகலம்தான் என்றீர்களே, பெல்ட்டின் முழு அகலம் இல்லையே! அங்கேயும் சாயம் வெட்டு முனையிலிருந்து வந்திருக்கலாம். முனையைத் தேய்த்து மெருகேற்றும் முன்பே அதே நீர்த்த அக்ரிலிக்கை அங்கே ஒரு தடவை ஊறவிடுங்கள், துளைகளுக்குள் காது குடையும் பஞ்சுக் குச்சியால் தொடுங்கள்.